யு.எஸ்.பி. குட்டித் திரை: எதிரே நிற்பவருக்கும் கணக்கு தெரியட்டும்!

கே.ஜி.கண்டிகையில் என் பெரியப்பா மளிகைக் கடை வைத்திருக்கிறார். திருத்தணியிலிருந்து சோளிங்கர் போகும் சாலையில் இருக்கிற ஊர். ஆந்திர எல்லை பக்கத்திலேயே இருப்பதால் கடைக்கு வருகிறவர்களில் சிலர் தமிழ் பேசுவார்கள், சிலர் தெலுங்கு பேசுவார்கள், பலர் இரண்டையும் கலந்து பேசுவார்கள். பெரியப்பா எல்லோருக்கும் அவரவர் மொழியிலேயே பதில் சொல்லிவிட்டு, துண்டுச் சீட்டில் பென்சிலால் கணக்குக் கூட்டுவார். எதிரே நிற்பவர் அந்தப் பென்சிலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

பிறகு கடைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. பில்லிங் சாஃப்ட்வேர், பார்கோடு ஸ்கேனர், சின்னதாக ஒரு பில் பிரிண்டர் எல்லாம் வந்தன. வேலை வேகமானது. ஆனால் மானிட்டர் பெரியப்பாவின் பக்கம் திரும்பியிருந்தது. வாடிக்கையாளர் பார்ப்பது மானிட்டரின் முதுகை மட்டும்தான். ஒருநாள் ஒருவர் கேட்டே விட்டார்: "உள்ள என்ன ஓடுதுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

பெரியப்பாவுக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. சென்னையில் சாஃப்ட்வேர் இன்ஜினியராக இருக்கும் எனக்குப் போன் செய்தார். "தராசுல பாரு, முன்னாடியும் நம்பர் தெரியுது, பின்னாடியும் தெரியுது. கம்ப்யூட்டருக்கு அப்படி ஒண்ணு கிடையாதா?"

உண்டு! அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. யு.எஸ்.பி.யில் செருகி, ஒன்றிரண்டு தகவல்களை மட்டும் காட்டும் குட்டித் திரைகள் சில நூறு ரூபாயிலிருந்தே கிடைக்கின்றன. எதை வாங்கலாம், எப்படி இணைக்கலாம், எங்கே தவறு வரும் என்பதை நான் பட்ட அனுபவத்தோடு சொல்கிறேன்.

இது புதிய யோசனையா?

இல்லை. பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளில் பில் போடும் இடத்தில் ஒரு கம்பத்தின் மேல் பச்சை நிற எழுத்து மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குப் போல் டிஸ்பிளே என்று பெயர். பெரும்பாலும் இரண்டு வரி, வரிக்கு 20 எழுத்து.

வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் பலர் முயன்றிருக்கிறார்கள். 2005-ல் லாஜிடெக் நிறுவனம் ஜி15 என்ற கீபோர்டில் ஒரு சிறிய கறுப்பு வெள்ளைத் திரையைப் பதித்தது. 2007-ல் வந்த விண்டோஸ் விஸ்டாவில் சைட்ஷோ என்று ஒரு வசதி இருந்தது. லேப்டாப்பை மூடி வைத்திருந்தாலும் வெளியே ஒரு சிறு திரையில் மெயிலும் காலண்டரும் தெரியும் என்றார்கள். அதற்கேற்ற கருவிகள் அதிகம் வரவில்லை. பின்னால் வந்த விண்டோஸில் அந்த வசதியே எடுக்கப்பட்டுவிட்டது. 2009-ல் மிமோ நிறுவனம் யு.எஸ்.பி.யில் இயங்கும் 7 அங்குல மானிட்டரைக் கொண்டுவந்தது. விலை குறைந்து, நம்மைப் போன்றவர்கள் வாங்கும் நிலைக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.

நான்கு வகைகள்

1. எழுத்து மட்டும் காட்டும் எல்.சி.டி.: நீல நிற அல்லது பச்சை நிறப் பின்னணியில் எழுத்து தெரியும். 16×2 என்றால் வரிக்கு 16 எழுத்து, இரண்டு வரி. 20×4 என்றால் வரிக்கு 20 எழுத்து, நான்கு வரி. இதற்குள் இருப்பது 1980-களில் ஹிட்டாச்சி நிறுவனம் வடிவமைத்த எச்.டி.44780 என்ற சிப், அல்லது அதே மாதிரி இயங்கும் வேறொரு சிப். இதை நேரடியாக யு.எஸ்.பி.யில் செருக முடியாது. நடுவில் அர்டினோ நானோ போன்ற ஒரு சிறு போர்டு வேண்டும்.

2. ஓ.எல்.இ.டி. திரை: 0.96 அங்குலம்தான், ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிது. 128×64 புள்ளிகள். படமும் வரையலாம். இதற்கும் நடுவில் ஒரு போர்டு தேவை.

3. 3.5 அங்குல யு.எஸ்.பி. வண்ணத் திரை: 320×480 புள்ளிகள். ஆன்லைனில் கம்ப்யூட்டர் சூடு, வேகம் காட்டும் திரை என்று சொல்லி விற்பார்கள். போர்டு எதுவும் வேண்டாம், கேபிளைச் செருகினால் போதும். ஆனால் இது மானிட்டர் அல்ல! விண்டோஸ் இதை ஒரு காம் போர்ட்டாகத்தான் பார்க்கும். மவுஸை இந்தத் திரைக்குள் நகர்த்த முடியாது. இதற்கென்று எழுதிய புரோகிராம் அனுப்புவதை மட்டுமே காட்டும்.

4. உண்மையான யு.எஸ்.பி. மானிட்டர்: டிஸ்பிளேலிங்க் போன்ற சிப் கொண்டது. டிரைவரை நிறுவினால் விண்டோஸ் இதை இரண்டாவது மானிட்டராகவே ஏற்றுக்கொள்ளும். எந்த விண்டோவையும் இழுத்து அதில் விடலாம். மற்ற மூன்றையும்விட விலை அதிகம்.

வாங்கும்போது மூன்றாவது வகைக்கும் நான்காவது வகைக்கும் உள்ள வித்தியாசத்தை மறக்காதீர்கள். மானிட்டர் என்று நினைத்து 3.5 அங்குலத் திரையை வாங்கி ஏமாறுகிறவர்கள் உண்டு.

பெரியப்பாவின் கடைக்கு முதல் வகையே போதும் என்று முடிவு செய்தேன். காரணம், அவருடைய பில்லிங் சாஃப்ட்வேரின் செட்டிங்ஸில் போல் டிஸ்பிளே என்ற வசதி ஏற்கெனவே இருந்தது. எந்தக் காம் போர்ட் என்று கேட்கும், அந்தப் போர்ட்டுக்கு இரண்டு வரி எழுத்தை அனுப்பும். பொருளின் பெயரும் விலையும் முதல் வரி, மொத்தம் இரண்டாம் வரி. உங்கள் சாஃப்ட்வேரிலும் இருக்கிறதா என்று பாருங்கள். கஸ்டமர் டிஸ்பிளே என்ற பெயரிலும் இருக்கலாம். அந்த எழுத்தை வாங்கிக் காட்ட ஒரு திரை இருந்தால் வேலை முடிந்தது.

நான்கு கம்பிகள் போதும்

எல்.சி.டி.யை வாங்கும்போது பின்புறம் ஐ2சி போர்டு பொருத்தியதாகக் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் பத்துக்கும் மேற்பட்ட கம்பிகளைச் சாலிடர் செய்ய வேண்டியிருக்கும். ஐ2சி போர்டு இருந்தால் நான்கே கம்பிகள்: 5 வோல்ட், கிரவுண்ட், எஸ்.டி.ஏ., எஸ்.சி.எல். நானோவில் எஸ்.டி.ஏ. என்பது ஏ4 முனை, எஸ்.சி.எல். என்பது ஏ5 முனை. தனியாகப் பவர் அடாப்டர் வேண்டாம். யு.எஸ்.பி. 2.0 போர்ட் 500 மில்லி ஆம்பியர் வரை தரும், இந்த அமைப்புக்கு அதில் சிறு பங்குதான் தேவை. கரண்ட் போனாலும் யு.பி.எஸ்.ஸில் கம்ப்யூட்டர் ஓடும்வரை திரையும் ஓடும்.

நானோவை யு.எஸ்.பி.யில் செருகியதும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, போர்ட்ஸ் என்ற பகுதியைப் பாருங்கள். காம் 3, காம் 5 என்று ஏதாவது ஒரு எண் புதிதாக வரும். வராவிட்டால் போர்டு கெட்டுப்போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். விலை குறைந்த நானோக்களில் சி.எச்.340 என்ற சிப் இருக்கும், அதற்கான டிரைவரை நிறுவுங்கள். அப்போதும் வராவிட்டால் கேபிளை மாற்றிப் பாருங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்களில் டேட்டா கம்பியே இருக்காது!

அர்டினோ ஐ.டி.இ. சாஃப்ட்வேர் இலவசம். அதில் லிக்விட்கிரிஸ்டல் ஐ2சி என்ற லைப்ரரியைச் சேர்த்து, காம் போர்ட்டில் வரும் எழுத்தைத் திரையில் போடு என்று சிறு புரோகிராம் எழுதினால் போதும். இருபது முப்பது வரிக்குள் முடியும். பில்லிங் சாஃப்ட்வேர் எழுத்துகளுக்கு நடுவே திரையைத் துடை, வரியின் தொடக்கத்துக்குப் போ என்று சில கட்டளை எண்களையும் அனுப்பும். எந்த மாடல் போல் டிஸ்பிளே என்பதைப் பொறுத்து அவை மாறும். அவற்றைப் புரோகிராமில் தனியாகக் கவனிக்காவிட்டால் திரையில் விசித்திரமான குறிகள் தோன்றும்.

முதல் முறை திரை எரிந்தது, ஆனால் எழுத்தே இல்லை. அரை மணி நேரம் புரோகிராமைக் குடைந்தேன். தப்பு புரோகிராமில் இல்லை. ஐ2சி போர்டில் நீல நிறத்தில் சின்னத் திருகு ஒன்று இருக்கும், அது கான்ட்ராஸ்ட். ஸ்குரூ டிரைவரால் மெதுவாகத் திருப்பியதும் எழுத்து எழுந்து வந்தது. அதிலும் சரியாகாவிட்டால் ஐ2சி முகவரியைச் சோதியுங்கள். பெரும்பாலும் ஹெக்ஸ் எண்ணில் 27, சிலவற்றில் 3எஃப்.

1250 ரூபாய் 125 ஆன கதை

கல்லூரி ப்ராஜெக்டில் மிச்சமான 16×2 திரை ஒன்று என்னிடம் இருந்தது. செலவே இல்லாமல் முடித்துவிடலாம் என்று அதையே பொருத்திவிட்டுச் சென்னைக்கு ரயில் ஏறிவிட்டேன். சின்னச் சின்ன பில்லெல்லாம் போட்டுப் பார்த்திருந்தேன். அவசரத்தில் எழுத்து முழுதும் வருகிறதா என்று கவனிக்கவில்லை.

இரண்டாம் நாள் ஒரு பாட்டி மாதச் சாமான் வாங்க வந்திருக்கிறார். பில் 1250 ரூபாய். பெரியப்பா தொகையைச் சொன்னதும் பாட்டி திரையைக் காட்டி, "ஏம்ப்பா, டப்பாவுல நூத்தி இருபத்தஞ்சுன்னு போட்டிருக்கு. நீ ஆயிரத்து இருநூத்தி ஐம்பது கேக்குறியே?" என்று கேட்டிருக்கிறார். கடையில் அப்போது நான்கைந்து பேர்.

என்ன நடந்தது தெரியுமா? சாஃப்ட்வேர் அனுப்புவது 20 எழுத்து வரி. டோட்டல் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு 5 கட்டம், பிறகு 8 காலியிடம், பிறகு பைசாவோடு 1250.00 என்ற தொகைக்கு 7 கட்டம். ஆக 20. என் திரையில் 16 கட்டம்தான். கடைசி 4 கட்டம், அதாவது ஒரு பூஜ்யம், புள்ளி, இன்னும் இரண்டு பூஜ்யம் வெளியே போய்விட்டன. மிச்சம் நின்றது 125!

இரவு பெரியப்பா போன் செய்தார். "டேய், உன் டப்பாவ வந்து கழட்டிக்கிட்டுப் போ. இதுக்கு என் பென்சிலே தேவலாம்" என்றார். நம்பிக்கை வர வேண்டும் என்று வைத்த திரை, இருந்த நம்பிக்கைக்கும் உலை வைத்துவிட்டது. அந்த வார இறுதியிலேயே சென்னை ரிச்சி தெருவில் 20×4 திரை ஒன்றை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனேன். மேல் இரண்டு வரி போதும், கீழ் இரண்டு வரி காலியாக இருந்தால் பரவாயில்லை. நானோ, திரை, கம்பி, பிளாஸ்டிக் பெட்டி எல்லாம் சேர்த்து எனக்கு 1000 ரூபாய்க்குள் முடிந்தது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம்: எதிரே இருப்பவருக்கான திரையைச் சோதிக்கும்போது சின்னத் தொகை, நான்கு இலக்கத் தொகை, ஐந்து இலக்கத் தொகை மூன்றையும் போட்டுப் பாருங்கள். திரையின் பக்கம் போய் நின்று பாருங்கள்.

இன்னொரு சிக்கலும் வந்தது. காலையில் கடை திறந்ததும் முதல் பொருள் மட்டும் திரையில் வராது. காம் போர்ட்டைத் திறக்கும் அந்தக் கணத்தில் நானோ தன்னைத்தானே ரீசெட் செய்துகொள்ளும். அது விழித்துக்கொள்ள ஓரிரு விநாடி ஆகும், அதற்குள் வந்த எழுத்து வீணாகிவிடும். நீங்களே புரோகிராம் எழுதினால் போர்ட்டைத் திறந்தபின் 2 விநாடி காத்திருக்கும்படி எழுதுங்கள். பெரியப்பாவிடம் காலையில் ஒரு பொருளைச் சேர்த்துவிட்டு நீக்கச் சொல்லியிருக்கிறேன். அப்புறம் நாள் முழுதும் பிரச்சினை இல்லை.

நானோவை எந்த யு.எஸ்.பி. ஓட்டையில் செருகினீர்களோ அங்கேயே எப்போதும் செருகுங்கள். வேறு இடத்தில் செருகினால் காம் எண் மாறி, சாஃப்ட்வேர் திரையைத் தேடித் தவிக்கும். அந்த ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள்.

ரூபாய்க் குறியும் தமிழும்

நம் ரூபாய்க் குறி 2010 ஜூலையில் ஏற்கப்பட்டது. 1980-களின் சிப்புக்கு அது எப்படித் தெரியும்? அதனுள் இருப்பவை ஆங்கில எழுத்தும் ஜப்பானிய எழுத்தும்தான். ஆனால் நாமே வரைந்துகொள்ள 8 எழுத்துக்கு இடம் விட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றும் 5 புள்ளி அகலம், 8 புள்ளி உயரம். நான் வரைந்த ரூபாய்க் குறி இதோ:

■■■■■
□□□■□
■■■■■
□□□■□
■■■□□
□■□□□
□□■□□
□□□■□

கட்டம் போட்ட நோட்டில் நீங்களும் முயன்று பாருங்கள், பிள்ளைகளுக்கு நல்ல விளையாட்டு.

தமிழைக் காட்ட முடியுமா? இந்த எல்.சி.டி.யில் முடியாது என்றே சொல்லிவிடலாம். ஒரே நேரத்தில் 8 எழுத்துதான் வரையலாம், நமக்கோ 247 எழுத்துகள். 'ணை' போன்ற எழுத்து 5 புள்ளி அகலத்தில் அடங்காது.

தமிழ் வேண்டுமென்றால் இரண்டாவது அல்லது மூன்றாவது வகைத் திரைக்குப் போக வேண்டும். அங்கும் ஒரு சூட்சுமம் உண்டு. யூனிகோடில் 'மொ' என்பது 'ம' என்ற எழுத்தும் அதன்பின் ஒகரக் குறியுமாகச் சேமிக்கப்படுகிறது. திரையில் அந்தக் குறியின் கொம்பு 'ம'வுக்கு முன்னாலும் கால் பின்னாலும் வர வேண்டும். இதைச் செய்யத் தெரியாத லைப்ரரி, 'ம'வை முதலில் போட்டுவிட்டு, கொம்பையும் காலையும் சேர்த்தே அதன்பின் நிறுத்திவிடும். நான் 'மொத்தம்' என்று எழுதியபோது இதுதான் நடந்தது.

தீர்வு எளிது. எழுத்தை எழுத்தாக அனுப்பாதீர்கள். கம்ப்யூட்டரிலேயே சொல்லைப் படமாக வரைந்து, படத்தை அனுப்புங்கள். பைதானில் பில்லோ என்ற லைப்ரரி இதைச் செய்யும். தமிழ் சரியாக அமைய அதோடு ராக்ம் என்ற துணை லைப்ரரியும் இயங்க வேண்டும். ஓ.எல்.இ.டி.யின் ஒரு முழுப் படம் 128×64 புள்ளி, அதாவது 1024 பைட்தான். விநாடிக்கு 1,15,200 பிட் வேகத்தில் அனுப்பினால் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குக்குள் போய்விடும். 3.5 அங்குலத் திரையின் முழுப் படம் 3,07,200 பைட். அதனால் அதில் படம் முழுவதையும் திரும்பத் திரும்ப அனுப்பாமல், மாறிய பகுதியை மட்டும் அனுப்ப வேண்டும்.

பில்லுக்கு ஒரு கியூஆர் கோடு

3.5 அங்குலத் திரையில் ஒரு நல்ல பயன் இருக்கிறது. 2016-ல் வந்த யு.பி.ஐ. இன்று பெட்டிக்கடைவரை வந்துவிட்டது. கடையில் ஒட்டியிருக்கும் அட்டையில் தொகை இருக்காது, வாடிக்கையாளர்தான் அடிக்க வேண்டும். தொகையையும் சேர்த்தே கியூஆர் கோடாக மாற்ற முடியும். 37×37 கட்டம் கொண்ட கோடு நூறு எழுத்துவரை தாங்கும். சுற்றிலும் 4 கட்டம் வெற்றிடம் விட்டால் 45 கட்டம். ஒரு கட்டத்துக்கு 7 புள்ளி வைத்தால் 315 புள்ளி. திரையின் அகலம் 320. அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி!

பைதானில் சிறு புரோகிராம் எழுதியிருக்கிறேன். பெரியப்பா தொகையை அடித்து என்டர் தட்டினால் மேலே தொகை, கீழே கோடு. வாடிக்கையாளர் ஸ்கேன் செய்தால் தொகை தானாக வரும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: இந்தத் திரை பணத்தைக் கேட்கும், பணம் வந்ததா என்று சொல்லாது. அதை உங்கள் வங்கிச் செய்தியிலோ ஆப்பிலோ பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும்.

வேறு எங்கே பயன்படும்?

* பிரவுசிங் சென்டரில் விண்ணப்பம் நிரப்பும்போது பெயர், பிறந்த தேதி இரண்டையும் எதிரே உட்கார்ந்திருப்பவருக்குக் காட்டலாம். சப்மிட் செய்த பிறகு எழுத்துப் பிழைக்காக அலைய வேண்டாம்.

* வீட்டில் காது சரியாகக் கேட்காத தாத்தா இருந்தால், நீங்கள் டைப் செய்வதை அவர் நாற்காலிக்கு எதிரே பெரிய எழுத்தில் காட்டலாம்.

* பிள்ளைகள் மாதிரித் தேர்வு எழுதும்போது மீதி நேரம் காட்டலாம்.

* பெரிய பைல் டவுன்லோடு ஆகும்போது எத்தனை சதவீதம் என்று காட்டலாம். மானிட்டரை அணைத்து வைக்கலாம்.

வாங்கும் முன் கவனியுங்கள்

முதலில் செலவில்லாத வழி: வீட்டில் பழைய ஆண்ட்ராய்டு போன் சும்மா கிடக்கிறதா? ஸ்பேஸ்டெஸ்க் போன்ற சாஃப்ட்வேர் மூலம் அதையே விண்டோஸுக்கு இன்னொரு மானிட்டராக்கலாம். குட்டித் திரை உங்களுக்கு உண்மையிலேயே பயன்படுமா என்று சில நாள் அதில் பார்த்துவிட்டுப் பிறகு வாங்குங்கள்.

3.5 அங்குலத் திரையோடு ஒரு சீட்டு வரும், அதிலுள்ள முகவரியிலிருந்து சாஃப்ட்வேரை இறக்கிக்கொள் என்று சொல்லும். யார் வைத்தது என்று தெரியாத பைலைப் பில் போடும் கம்ப்யூட்டரில் நிறுவாதீர்கள். இந்தத் திரைகளுக்காக டூரிங் ஸ்மார்ட் ஸ்கிரீன் பைதான் என்ற ஓப்பன் சோர்ஸ் புரோகிராம் கிட்ஹப்பில் இலவசமாக இருக்கிறது. எந்தெந்த மாடலுக்கு அது ஒத்துவரும் என்ற பட்டியலைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஓ.எல்.இ.டி.யில் ஒரே எழுத்தை மாதக்கணக்கில் காட்டினால் அந்த இடம் மங்கிவிடும். வேலை இல்லாதபோது திரை அணையும்படி செய்யுங்கள். பாஸ்வேர்டு, ஓ.டி.பி. போன்றவை எதிர்ப்பக்கத் திரைக்கு எக்காரணம் கொண்டும் போகக் கூடாது.

போன மாதம் ஊருக்குப் போனபோது அந்தப் பாட்டியும் கடையில் இருந்தார். பெரியப்பா ஒவ்வொரு பொருளாக ஸ்கேன் செய்ய, பாட்டி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் ஓரிடத்தில், "அந்த சோப்பு ரெண்டு தடவ ஏறிடுச்சு பாரு" என்றார். பெரியப்பா மானிட்டரைப் பார்த்தார். ஆமாம், இரண்டு முறை ஸ்கேன் ஆகியிருந்தது. ஒன்றை நீக்கிவிட்டு, என்னைப் பார்த்து, "பென்சில்ல இந்தத் தப்பு வராது" என்றார். ஆனால் டப்பாவைக் கழட்டச் சொல்லவில்லை.

உங்கள் கம்ப்யூட்டர் டேபிளுக்கு எதிரே, மானிட்டரின் முதுகைப் பார்த்தபடி யார் நிற்கிறார்கள்? அவருக்கு எந்த ஒரு தகவல் தெரிந்தால் போதும் என்று முதலில் யோசியுங்கள். எந்தத் திரை வாங்குவது என்பதை அதற்கப்புறம் முடிவு செய்யுங்கள்.